ஒச்சம்மாளின் குதிகாலும் ஒரு சிவப்புக் கோடும்

தமிழ்மதிக்கு நிதானம் என்ற ஒன்றை ஆண்டவன் கொடுக்கவே இல்லை. செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில் என்றைக்கும் ஓடிப்போய்த்தான் ஏறுவாள். நிற்பதற்கு முன்பே இறங்கியும் விடுவாள். நல்ல சேதி ஒன்று காதில் விழுந்தால் போதும், அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். சித்தி மகள் உண்டாகியிருக்கிறாள் என்ற சேதியை அவள் புருஷனுக்கே முதலில் சொன்னவள் இவள்தான். அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் குடும்பத்தில் பேச்சாக இருக்கிறது. இப்படிப்பட்ட பெண் தேடிப்போய்ச் சேர்ந்ததோ, பொறுமை இல்லாதவர்கள் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாத வேலை.

திண்டுக்கல் டவுனில் டாக்டர் ரூபி நடத்தும் திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவள் டெக்னீஷியன். ஆபரேஷனில் வெட்டி எடுக்கிற துண்டுகள் டப்பாவில் மிதந்தபடி அங்கே வந்து சேரும். அதை மெழுகுக் கட்டிக்குள் பதிக்க வேண்டும். பிறகு வெங்காயச் சருகுகூடத் தடிமன் என்று சொல்லுமளவுக்கு மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைக்க வேண்டும். மூச்சு பலமாக விட்டால் சீவல் பறந்துவிடும். தும்மினால் அன்றைய பிழைப்பே போச்சு.

சில சாயங்கள் பிடிக்க வேண்டுமென்றால் கண்ணாடியை வேறு வேகவைக்க வேண்டும். அதற்காக டாக்டர் ரூபி வாங்கிவைத்திருந்தது, வீடுகளில் பருப்பு வேகிற அதே பிரஷர் குக்கர். ஒருமுறை பூ மார்க்கெட்டுக்கு வந்துவிட்டு மகளைப் பார்க்க எட்டிப் பார்த்த ஒச்சம்மாள், உள்ளே விசில் சத்தம் கேட்டு மலைத்துப் போனாள்.

"என்னடி இது, லேப்புன்னு சொல்லிட்டு சோறாக்கிக்கிட்டு இருக்கீக? வெஞ்சனம் என்ன?"

கூட வேலை பார்க்கும் பேகம்பூர் ஹாஃபிஸா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே போட்டாள்.

ஒச்சம்மாளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. செண்டுப்பூவும் சம்பங்கியும் போட்டிருக்கும் கொஞ்ச நிலம், அமைதியே உருவான கருப்புசாமி என்று ஒரு புருஷன், ஊரையே ஏவிவிடும் குரல். மகளுக்கு அந்தப் பரபரப்பு வேறெங்கிருந்து வந்திருக்கும்? வருஷந்தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பாள், அதுவும் செருப்பில்லாமல். பின்னால் ஒரு கூட்டம் பெண்கள். முன்னால் இவள் வேல் பிடித்துக்கொண்டு போடுகிற அரோகராவில், எதிரே வருகிற லாரிக்காரனே வண்டியை ஓரங்கட்டுவான்.

பாதயாத்திரை போய்வந்த கால்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொப்புளம், ரத்தக்கட்டு, தார் என்று உள்ளங்கால் கறுத்துத்தான் கிடக்கும். எல்லோரும் மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ போட்டுத் தேய்ப்பார்கள். ஒரு மாதத்தில் கால் பழையபடி ஆகிவிடும். ஒச்சம்மாளின் இடது குதிகாலில் மட்டும் ஒரு கறுப்பு போகவில்லை. அடுத்த வருஷமும் இருந்தது. அதற்கடுத்த வருஷம் கொஞ்சம் பெரிதாகியும் இருந்தது. இத்தனை வருஷம் நடந்த காலுக்கு முருகன் வைத்த முத்திரை என்று கூட வந்த பெண்கள் சொல்ல, ஒச்சம்மாளுக்கு அதில் ஒரு பெருமையே வந்துவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காலைத் தூக்கிக் காட்டுவாள். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. கொடுமைதான், என்ன செய்ய!

போன புரட்டாசியில்தான் டாக்டர் ரூபியின் கூடத்துக்கு ஒரு புது ஆராய்ச்சி வேலை வந்தது. மெலனோமா என்று ஒரு தோல் புற்றுநோய். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லிலேயே பிடிக்கிற நோய். வெள்ளைக்காரர்களுக்கு வெயில் படுகிற இடத்தில் வரும். நம் ஆட்களுக்கு வருவது அபூர்வம், வந்தாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் போய் ஒளிந்துகொள்ளும். சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்தோம். ஆனால் சிலருக்கு, வெட்டி எடுத்த பிறகும் அது ஏற்கெனவே உடம்புக்குள் கிளம்பிப் போயிருக்கும். யாருக்குப் பரவும், யாருக்குப் பரவாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி.

"கட்டிக்கு மேல இருக்கிற தோலைப் பார்க்கணும்," என்று டாக்டர் ரூபி விளக்கினார். "அந்த மேல்தோல்ல ரெண்டு புரதம் இருக்கு. அது ரெண்டும் அறுபடாம முழுசா இருந்தா, பெரும்பாலும் நோய் அங்கயே அடங்கிடுது. அறுந்து போயிருந்தா கவனமா இருக்கணும். நாம சாயம் போட்டு அது இருக்கா இல்லையான்னு பார்க்கப் போறோம்."

சொல்லிவிட்டு மாதிரிப் படங்களை மேஜையில் பரப்பினார். எல்லாம் உள்ளங்கால்கள். நாலாவது படத்தைப் பார்த்ததும் தமிழ்மதி அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். முருகன் வைத்த முத்திரை அச்சு அசலாக அதில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒச்சம்மாள் காலை நீட்டிப் போட்டுப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். தமிழ்மதி போய்க் காலடியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இந்தக் கறுப்புக்கு மண்ணெண்ண போட்டுத் தேச்சியே, போச்சா?"

"போகல. அதான் முருகன் வச்சதுங்கிறேன்."

"தேங்காயெண்ண?"

"அதுக்கும் போகல. ஏண்டி, இப்ப எதுக்கு என் காலப் போட்டு நோண்டுற?"

"மூணு வருசமாப் போகாதது தாருமில்ல, ரத்தக்கட்டுமில்லம்மா."

ஒச்சம்மாள் சாமி குத்தம் என்றாள், லேப்புக்குப் போனதிலிருந்து உனக்கு எல்லாமே வியாதியாத் தெரியுது என்றாள். இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எப்போதும் வாயே திறக்காத கருப்புசாமி, "முருகன் வச்சதுன்னா டாக்டர் பாத்தா மட்டும் கோவிச்சுக்கிருவாரா? போயிட்டு வா," என்றார். அவர் பேசியதே அதிசயம் என்பதால் ஒச்சம்மாள் கிளம்பிவிட்டாள்.

சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். மெலனோமாதான். ஆழமில்லை, புண்ணாகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். மதுரையில் ஆபரேஷன் செய்து, குதிகாலில் அகலமாகவே வெட்டியெடுத்து, தொடைத்தோலை எடுத்து ஒட்டினார்கள். வெட்டியெடுத்த துண்டு ஒச்சம்மாளின் சம்மதத்தோடு டாக்டர் ரூபியின் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆராய்ச்சி என்றால் என்னவென்று தமிழ்மதி அம்மாவுக்குச் சொன்னபோது, காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த ஒச்சம்மாள் ஒரே வார்த்தையில் பிடித்துவிட்டாள்.

"வேலி இருக்கான்னு பாக்கப் போறீக. வேலி இருந்தா ஆடு அங்கிட்டுப் போயிருக்காது. அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான்."

"அப்ப சீக்கிரம் பாரு. தைப்பூசத்துக்கு நாள் இல்ல."

வேலி இருக்கிறதா, இல்லையா? அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் தமிழ்மதி தினமும் பஸ் ஏறினாள். அம்மாவின் துண்டை ஹாஃபிஸா செய்யட்டும் என்று டாக்டர் ரூபி சொன்னார். தமிழ்மதி கெஞ்சிக் கூத்தாடி அதைத் தானே வாங்கிக்கொண்டாள். முடிவைப் படித்துச் சொல்வது தான்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். மூன்று கண்ணாடி. இரண்டு புரதத்துக்கு இரண்டு, மூன்றாவது வெறுங்கண்ணாடி. அதிலும் அம்மாவின் சீவல் இருக்கும், ஆனால் புரதத்தைத் தேடிப் பிடிக்கிற மருந்தை ஊற்றமாட்டார்கள், மற்றதெல்லாம் செய்வார்கள். மருந்து ஊற்றாத கண்ணாடியில் நிறம் வரக்கூடாது. அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். இந்த வேலையின் அரிச்சுவடியே அதுதான்.

குக்கர் விசில் அடித்தது. மருந்து போட்டாயிற்று, கழுவியாயிற்று, கடைசிச் சாயமும் ஊற்றியாயிற்று. மருந்து பிடித்த இடத்தில் பழுப்பு நிறம் ஏற வேண்டும். டாக்டர் ரூபி ஒரு வேலையாக வெளியே போயிருந்தார். ஹாஃபிஸா தொழப் போயிருந்தாள். தமிழ்மதிக்குக் கை பரபரத்தது. வெறுங்கண்ணாடியாவது ஒன்றாவது! முதல் கண்ணாடியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் செருகினாள்.

பழுப்பு! மேல்தோல் நெடுகப் பழுப்பு. இரண்டாவது கண்ணாடியிலும் பழுப்பு.

அவள் நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தாள். அடுத்த நொடி போன் காதில் இருந்தது.

"அம்மா! வேலி இருக்கும்மா! முழுசா இருக்கு!"

அந்தப் பக்கம் ஒச்சம்மாள் போட்ட அரோகரா போனே இல்லாமல் திண்டுக்கல்லுக்குக் கேட்டிருக்கும். போன் வைப்பதற்குள்ளேயே கருப்புசாமியை அரிசி களையச் சொல்வதும், பாதயாத்திரைக் கூட்டத்தைக் கூப்பிட ஆள் அனுப்புவதும் தமிழ்மதிக்குக் கேட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் முட்டியது.

ஹாஃபிஸா திரும்பி வந்தாள். விஷயத்தைக் கேட்டு, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று தமிழ்மதியின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். பிறகு மேஜையை ஒழுங்குபடுத்தும்போது வெறுங்கண்ணாடி தனியாகக் கிடப்பதைப் பார்த்து, பழக்கதோஷத்தில் எடுத்துச் செருகினாள். குனிந்து பார்த்தவள் லென்ஸை மாற்றி இன்னொரு தடவை பார்த்தாள்.

"மதி, இத நீ பாத்தியா?"

"இல்லக்கா. ஏன்?"

"வந்து பாரு, புள்ள."

அதிலும் பழுப்பு இருந்தது. மருந்தே படாத கண்ணாடியில், அதே இடத்தில், அதே பழுப்பு.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவளுக்குப் பழுத்த பாடம். தமிழ்மதி பார்த்தது சாயமில்லை. அம்மாவின் தோல் நிறம். கறுத்த தோலின் இயற்கையான பழுப்பு, கட்டிக்குள்ளிருந்து மேலே கசிந்த பழுப்பு. அதற்கடியில் மருந்து பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். வேலி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஊரில் இந்நேரம் பொங்கல் பொங்கிக்கொண்டிருக்கும்.

டாக்டர் ரூபி வந்து மூன்றையும் பார்த்தார். திட்டுவார் என்று தமிழ்மதி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இந்தப் பழுப்புச் சாயத்தைக் கண்டுபிடிச்சவங்களுக்கு நம்ம தோலை யோசிக்க வேண்டிய அவசியம் இல்லாமப் போச்சு," என்றார். "நானும் யோசிச்சிருக்கணும். சிவப்புச் சாயம் இருக்கு, அதுல போடுவோம். சிவப்பு தோல்ல கிடையாது, ஏமாத்தாது. ஆனா மெழுகுக் கட்டியில மிச்சம் கொஞ்சம்தான் இருக்கு மதி. இன்னொரு தடவை சீவலாம். அதுக்கு மேல இல்ல."

"மேடம், நான் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

டாக்டர் ரூபி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "அப்ப வீட்டுக்குப் போயிட்டு வா," என்றார்.

வாழ்க்கையிலேயே முதல்முறையாக அன்றைக்குத் தமிழ்மதி பஸ் நின்ற பிறகு இறங்கினாள். வீட்டில் பெண்கள் கூட்டம் ஜேஜே என்று இருந்தது. நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல், வாழையிலை, ஒரே சிரிப்பு. கட்டிலில் ராணிபோல உட்கார்ந்திருந்த அம்மாவிடம் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்தபோது, இலையில் கை வைத்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

ஒச்சம்மாள் மகளையே பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "என்ன எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீக? சாமிக்குப் படைச்சது படைச்சதுதான். சாப்புடுங்க, ஆறிப் போகுது," என்றாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். யாருக்கும் இறங்கவில்லை.

கூட்டம் போன பிறகு அவள் மகளின் கையைப் பிடித்து அருகில் உட்கார வைத்தாள்.

"பயமா இருக்கு ஆத்தா," என்றாள். ஒச்சம்மாள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து தமிழ்மதி கேட்டதே இல்லை. "வெட்டும்போதுகூடப் பயமில்ல. இருக்குன்னு சொல்லிட்டுத் தெரியலன்னு சொன்ன பாரு, அதுலதான் பயம் வந்துருச்சு."

தமிழ்மதி அவள் மடியில் தலைவைத்து அழுதாள்.

"சரி, அழுகாத. போயிச் செவப்பு போடு. ஆனா இந்தத் தடவ போன்ல சொல்லாத. நேர்ல வந்து சொல்லு. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேக்கணும்."

மறுநாள் மெழுகுக் கட்டியைச் சீவும்போது தமிழ்மதி அவசரப்படவே இல்லை. ஹாஃபிஸாவுக்கு அது ஆச்சரியம். மிச்சமிருந்த திசுவில் ஒவ்வொரு சீவலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தினாள். குக்கர் ஏறியது, விசில் வந்தது. ஹாஃபிஸா வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தாள். தமிழ்மதி முருகனைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். முத்திரை விவகாரத்தில் அவர் மேல் கொஞ்சம் கோபம் இருந்தது. இருந்தாலும் கூப்பிட்டாள்.

கண்ணாடிகள் தயாரானதும் அவள் எதையும் தொடவில்லை. மூன்றையும் டாக்டர் ரூபியின் முன் வைத்துவிட்டு, துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் முதலில் வெறுங்கண்ணாடியைச் செருகினார். "பழுப்பு இருக்கு. சிவப்பு துளிகூட இல்ல. நல்லது." அடுத்ததைச் செருகினார். மெதுவாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்தினார். திரும்ப நகர்த்தினார். பிறகு கடைசிக் கண்ணாடி. கடவுளே, இந்த டாக்டருக்கு இவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது!

"வா, நீயே பாரு," என்று டாக்டர் ரூபி நாற்காலியை விட்டு எழுந்தார்.

தமிழ்மதி குனிந்து பார்த்தாள். கீழே அம்மாவின் பழுப்பு, உழுத மண் மாதிரி. அதற்கு மேலே, நெடுக, எங்கேயும் அறுபடாமல் ஒரு சிவப்புக் கோடு. இன்னொன்றிலும் அதே சிவப்பு. வேலி இருந்தது! உண்மையாகவே இருந்தது!

"குதிக்கிறதுக்கு முன்னாடி கேளு," என்றார் டாக்டர். அவர் குரலும் இளகித்தான் இருந்தது. "பரவ வாய்ப்பு ரொம்பக் கம்மின்னுதான் இது சொல்லுது. இல்லவே இல்லைன்னு சொல்லல. இது இன்னும் ஆராய்ச்சிதான். செக்கப்புக்கு ஒழுங்கா வரணும், விடக்கூடாது."

"வருவாங்க மேடம், நான் தூக்கிட்டாவது வருவேன்!" என்று சொல்லி, அதற்கு மேல் அடக்க முடியாமல் ஹாஃபிஸாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

பஸ்ஸில் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. போன் கையில் இருந்தது, ஆனால் போனில் சொல்லக்கூடாது. சேதியோ தொண்டையில் நின்று குதித்தது. டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டரிடம், "அண்ணே, எங்கம்மாவுக்குச் செவப்பு வந்துருச்சுண்ணே!" என்று சொல்லிவிட்டாள்.

அவர் திகைத்துப்போய், "செவப்புன்னா நல்லதாம்மா, கெட்டதா?" என்றார்.

"ரொம்ப நல்லதுண்ணே!"

"அப்பச் சரி, நல்லா இருக்கட்டும்," என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டில் ஒச்சம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தமிழ்மதி ஓடிவந்து அவள் முன்னால் நின்றாள். மகளின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். கருப்புசாமி மாட்டுக்கொட்டகைக்குள் போய் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாருக்கும் தெரியாமல் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தைப்பூசம் வந்தது. ஒட்டிய தோலோடு தார் ரோட்டில் நடக்கக்கூடாது என்று மதுரை டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஒச்சம்மாள் சும்மா இருப்பாளா? செம்பட்டி ரோட்டோரத்தில் நீர்மோர்ப் பந்தல் போட்ட இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு போய் உட்கார்ந்துவிட்டாள். காலில் மெத்தென்ற செருப்பு. பக்கத்தில் தேங்காயெண்ணெய் டப்பா, பழைய துணி.

"மோரு அப்பறம். மொதல்ல காலக் காட்டு," என்பாள். பச்சை வேட்டி கட்டிய ஆண்களும் மஞ்சள் சேலைப் பெண்களும் சிரித்துக்கொண்டே காலை நீட்டுவார்கள். அவள் எண்ணெயைத் தொட்டு அழுத்தித் தேய்ப்பாள். தார் போய்விடும். "போ முருகா, போயிட்டு வா!" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள். லீவு போட்டுவிட்டு வந்திருந்த தமிழ்மதி மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வருகிறவர்களைவிட அம்மாவின் சத்தம்தான் அதிகமாக இருந்தது.

வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வந்த கூட்டத்தில் ஒரு பெண் காலை நீட்டினாள். ஒச்சம்மாள் தேய்த்தாள். எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"தமிழு! ஓடியா இங்க!"

தமிழ்மதி சொம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். குனிந்து பார்த்தாள். சொல்வதற்கு நாக்கு நுனிவரை என்னென்னவோ வந்தது. அத்தனையையும் விழுங்கினாள்.

"இது என்னன்னு எனக்குத் தெரியாதுக்கா," என்றாள் நிதானமாக. "ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம். எடுத்துப் பாத்துத்தான் சொல்லணும்."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. "போன பாதயாத்திரையிலயிருந்தே இருக்கு. ரத்தக்கட்டுன்னுல்ல நெனச்சேன்."

ஒச்சம்மாள் தன் செருப்பைக் கழற்றினாள். வெட்டி ஒட்டிய இடது காலைத் தூக்கி, அந்தப் பெண்ணின் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள். "பயப்படாத. மலைக்குப் போயிச் சாமியப் பாத்துட்டு நேரா இங்கன வந்துரு. நானே கூட்டிட்டுப் போறேன். நீ வார வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."